கிரானிட் ஜாக்கா பற்றி நீங்கள் கேட்டவை

புதிதாகப் பார்ப்பவர்: இந்த சுவிஸ் கால்பந்து அணி கேப்டன் பெயரை ஷாக்கா என்பதா, ஜாக்கா என்பதா?

ஜாக்கா. அது அல்பேனிய மொழிப் பெயர். ஆங்கில எழுத்தில் Xhaka; முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து நம் 'ஜ'. இன்னொரு சுவிஸ் வீரர் ஷகிரியின் முதல் பெயரை (Xherdan) ஜெர்தான் என்று சொல்வதும் இதே கணக்கில்தான்.

அவரே: சுவிஸ்காரருக்கு ஏன் அல்பேனியப் பெயர்?

பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். 1980களில் பெல்கிரேடிலிருந்த யூகோஸ்லாவிய அரசை எதிர்த்துப் போராடியதற்காக அப்பா மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். விடுதலைக்குப் பிறகு குடும்பம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு வந்தது. 1992இல் கிரானிட் பிறந்தது அங்கேதான். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை 2009இல் வென்ற சுவிஸ் அணியிலும் இருந்தார்.

கல்லூரி மாணவர்: அண்ணனும் தம்பியும் எதிரெதிரே ஆடினார்களாமே?

ஆமாம், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில், 2016இல், பிரான்சின் லான்ஸ் நகரில். அண்ணன் டவுலன்ட் அல்பேனியாவுக்கு, தம்பி சுவிட்சர்லாந்துக்கு. யூரோ போட்டிகளில் உடன்பிறந்தவர்கள் மோதிக்கொண்டது அதுதான் முதல் முறை. அம்மா இரண்டு கொடியும் பாதிப் பாதியாக இருந்த சட்டையோடு கேலரியில் உட்கார்ந்திருந்தார். பாவம், யாருக்குக் கை தட்டுவார்? தம்பியின் அணி 1-0 என்று வென்றது.

ஆர்சனல் ரசிகர்: சார், 2019இல் சட்டையைக் கழற்றிக்கொண்டு போனாரே, அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அப்போது அவர் லண்டன் கிளப்பான ஆர்சனலின் கேப்டன். அக்டோபர் 27, கிரிஸ்டல் பேலஸுடன் ஆட்டம். ஆர்சனல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது 2-2 ஆகிவிட்டது. மாற்று வீரருக்கு வழிவிட ஜாக்கா மெதுவாக நடந்து வர, சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவரும் காதருகே கையை வைத்துக் காட்டி, ஏதோ திட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார். கேப்டன் பதவி பறிபோனது.

கேப்டன் அப்படிச் செய்யக் கூடாது, சரி. ஆனால் அதற்கு முன்பே சமூக வலைத்தளங்களில் அவர் மனைவிக்குக் கொலை மிரட்டல், பிறந்து சில வாரங்களே ஆன மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்று சாபம். அதையும் சேர்த்துத்தான் அந்த நாளைப் பார்க்க வேண்டும். கிளம்பத் தயாராக இருந்தவரைப் புதுப் பயிற்சியாளர் அர்டெட்டா பேசி நிறுத்தினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை ஆர்சனல் வென்றது. அப்புறம் 2023 வரை அங்கேதான் ஆடினார்.

அதே ரசிகர்: அடுத்துப் போன ஜெர்மன் கிளப் லெவர்குசனில் மட்டும் எப்படி அவ்வளவு நன்றாக ஆடினார்?

ஆள் மாறவில்லை, வேலைதான் பொருந்தி வந்தது. பந்தை வாங்கி, இடது காலால் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அவர் பலம். துரத்திப் பிடிக்க ஓடவிட்டால் தடுமாறுவார், மஞ்சள் அட்டை வாங்குவார். அங்கே பயிற்சியாளராக இருந்த சாபி அலோன்சோ இது தெரிந்து அணியை அமைத்தார். 2023-24 ஜெர்மன் லீக்கில் (பண்டஸ்லிகா) 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா; தோல்வியே இல்லை. அந்த கிளப்புக்கு அதுதான் முதல் லீக் பட்டம். ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலும் இவருடையது. அந்த சீசனில் தோற்றது ஒன்றே ஒன்று: ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியில் இத்தாலியின் அட்டலாண்டாவிடம்.

இன்னொருவர்: சுவிஸ் அணிக்காக அவருடைய சிறந்த ஆட்டம்?

2021இல் நடந்த யூரோவில் பிரான்சை வீழ்த்திய இரவு. 3-1 என்று பின்தங்கி, 3-3 ஆக்கி, பெனால்டியில் வென்றார்கள். ஆனால் அன்று வாங்கிய மஞ்சள் அட்டையால் ஸ்பெயினுடனான காலிறுதியில் ஆட முடியவில்லை. சுவிஸ் பெனால்டியில் தோற்றது.

கடைசியாக: இப்போது எங்கே?

2025இல் இங்கிலாந்து கிளப்பான சண்டர்லாந்துக்குப் போனார். வந்ததுமே கேப்டன் பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள்.