டெல்லி வியாபாரியிடம் 18 லட்சம் பாக்கி: பாரிஸ்டர் வைத்தால்தான் வருமா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, தலையணை உறை தைத்து அனுப்பும் சிறு யூனிட் வைத்திருக்கிறேன். டெல்லி மொத்த வியாபாரி ஒருவருக்கு 60 நாள் கடனில் மூன்று பில்களாக 41 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினேன். 23 லட்சம் வந்தது, மீதி வரவில்லை. முதல் பில் போட்டு இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது கேட்டால் சரக்கு மட்டம் என்கிறார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை சப்ளைக்குப் பிறகுதான் எடுத்தேன். லண்டனில் படித்த பாரிஸ்டரைப் பிடி என்கிறார் மைத்துனர். இன்னொரு வக்கீல் வசூலாவதில் 20 சதவீதம் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: பாரிஸ்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் கட்சிக்காரரைப் பார்த்துக் கேஸைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். பெரும்பாலும் கோர்ட்டில் நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். நம் நாட்டில் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அந்தப் பிரிவு கிடையாது, எல்லோரும் வழக்கறிஞர்கள்தான். மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி தனியாக உண்டு, ஆனால் அவரும் கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேஸ் வாங்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது லண்டன் பட்டம் இல்லை. வணிக நீதிமன்றத்தில் வாராவாரம் நிற்கிற ஒருவர். வசூலில் பங்கு கேட்பவரை விட்டுவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

வணிக நீதிமன்றப் பழக்கம் ஏன் முக்கியம்? 2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வியாபாரத் தகராறுகளுக்குப் பொருந்தும். சாதாரண சிவில் கேஸில் 'அப்புறம் தாக்கல் செய்துகொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டுப் பழகியவர் இங்கே உங்களைக் கவிழ்த்துவிடுவார். கைவசம் இருக்கும் ஆவணம் எல்லாவற்றையும் வழக்குரையோடே கொடுத்துவிட வேண்டும். பிறகு கொண்டுபோனால், முதலிலேயே ஏன் தரவில்லை என்று கோர்ட்டுக்குக் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். எதிரிக்கும் அதே கண்டிப்புதான். சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் பதிலுரை போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு பொறி அதே சட்டத்தின் பிரிவு 12ஏ. அவசரத் தடையுத்தரவு போன்ற தேவை இல்லாத வழக்கில், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தாண்டிப் போட்ட வழக்கை நிராகரிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமரசத்துக்கு மூன்று மாதம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம், வழக்குப் போடுவதற்கான காலவரையறைக் கணக்கில் சேராது என்பது உங்களுக்கு நல்ல சேதி.

காலவரையறைதான் எனக்குக் கவலை. கடன் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம். அதைப் பில்லுக்குப் பில் தனித்தனியாக எண்ண வேண்டும். முதல் பில்லுக்கு இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் வந்த 23 லட்சம் எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லி அனுப்பினாரா? வங்கிக் குறிப்பையும் மெயிலையும் பாருங்கள். அவர் சொல்லியிருக்காவிட்டால் பழைய பில்லுக்கே வரவு வைக்க ஒப்பந்தச் சட்டம் உங்களை அனுமதிக்கிறது. அப்படிச் செய்தால் பாக்கி நிற்பது பிந்தைய பில்களில், உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். 'அடுத்த மாசம் செட்டில் பண்றேன்' என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். கடனை அவர் ஒப்புக்கொண்டதற்கு அது ஆதாரமாகலாம். அதைத் தாக்கல் செய்ய, மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழ் வேண்டும் (2023-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63). ஆனாலும் அதை மட்டும் நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

சரி, 'சரக்கு மட்டம்' என்கிற வாதம். வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 42 கருதுகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காதவர், பணம் கேட்டதும் குறை கண்டுபிடித்தால் நீதிபதி எளிதில் நம்ப மாட்டார். லாரி ரசீது, இ-வே பில் இரண்டையும் தேடி எடுங்கள். உங்கள் பில்களின் மேல் அவர் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு எடுத்திருந்தால், சரக்கு வந்து சேர்ந்ததற்கு அது வலுவான சான்று. கணக்கு விவரங்களைக் காட்ட அவருக்கு உத்தரவிடும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

உத்யம் பதிவு பிந்திவிட்டதால் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் சிறுதொழில் கவுன்சில் பாதையை இப்போது நம்ப வேண்டாம் என்பேன். பதிவுக்கு முந்தைய சப்ளைக்கு அந்தச் சட்டம் உதவுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள், இது பணத்தகராறு.

டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. ஆர்டரை ஏற்றதும், சரக்கை லாரியில் ஏற்றியதும், பணம் வர வேண்டியதும் கரூரில் என்றால் வழக்கை இங்கேயே போட இடமுண்டு. பில்லில் 'கரூர் எல்லைக்குட்பட்டது' என்று அச்சிட்டிருந்தால் இன்னும் பலம். மூன்று பில்களையும் வங்கிக் கணக்கையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். 12ஏ விண்ணப்பம் இந்த மாதத்துக்குள் போய்விட வேண்டும்.