கைப்பிடியின் மறுமுனையில்

சென்ற இதழில், பார்வையற்றவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதை ஒட்டியே இருப்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலின்போது, பார்வையற்ற ஒருவரை அவருடைய நாய் தானாகவே 78 மாடிகள் இறக்கிக் காப்பாற்றியது என்றும், அது கடவுள் அனுப்பிய நாய் என்றும் எங்கள் ஆலயத்தில் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். இது உண்மையில் நடந்ததா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நடந்தது உண்மை. ‘தானாகவே’ என்ற ஒரு சொல்லைத்தான் நான் அடித்துவிடுவேன்.

அவர் பெயர் மைக்கேல் ஹிங்சன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 2001 செப்டம்பர் 11 அன்று காலை, வடக்குக் கோபுரத்தின் 78ஆவது மாடியில் இருந்த தம் அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய மேசைக்கு அடியில் ரோசெல் என்ற மஞ்சள் நிற லாப்ரடார் உறங்கிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு அவர்கள் வீட்டுப் பக்கம் இடியும் மழையுமாக இருந்ததால் ரோசெல் சரியாகத் தூங்கவில்லை. அதற்கு இடி என்றால் நடுக்கம். (எங்கள் வீட்டில் முன்பு இருந்த நாயும் அப்படித்தான். வானம் உறுமினால் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். மழை விட்டுக் கால் மணி நேரம் ஆனாலும் வெளியே வராது.) 8.46 மணிக்கு விமானம் மேல் மாடிகளில் மோதியபோது, கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு மெல்ல நிமிர்ந்தது. சன்னலுக்கு வெளியே தீயையும் எரிந்துகொண்டே பறக்கும் காகிதங்களையும் கண்ட உடன்பணியாளர் உடனே ஓட வேண்டும் என்று பதறினார். இடிக்கு நடுங்கும் அந்த நாயோ இப்போது பதறவில்லை. அது அமைதியாக இருப்பதால், இந்த அறையில் இந்த நிமிடத்தில் ஆபத்து இல்லை என்று ஹிங்சன் கணக்கிட்டார். வந்திருந்த விருந்தினர்களை முதலில் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு தாமும் இறங்கத் தொடங்கினார். மொத்தம் 1,463 படிகள். விமான எரிபொருளின் நாற்றம் மூக்கைத் துளைத்துக்கொண்டே இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள்: படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது ரோசெல்லுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த விஷயமல்ல. ஆபத்து வந்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைப் பல நாள் முன்பே நடந்து நடந்து மனத்தில் பதிய வைத்திருந்தவர் ஹிங்சன். எங்கே போக வேண்டும் என்பதை அவர் சொன்னார். இடறாமல், யார் மீதும் முட்டாமல் எப்படிப் போவது என்பதை அது பார்த்துக்கொண்டது. வெளியே வந்து சற்றுத் தூரம் நடப்பதற்குள், 9.59 மணிக்குத் தெற்குக் கோபுரம் இடிந்து விழுந்தது. கண் தெரிந்தவர்களுக்கும் கண் தெரியாத புழுதியில் இருவரும் ஓடினார்கள்.

உங்கள் போதகரின் பேச்சுக்கு இங்கே வருகிறேன். ஹிங்சன் கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஒரு கட்டடத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியது இன்னொன்றை எங்கள் தலையில் போடவா என்று அந்த ஓட்டத்தின் நடுவே கடவுளிடம் முறையிட்டதாகவும், உன் கையில் இல்லாததை நினைத்துக் கவலைப்படாதே, ரோசெல்லோடு ஓடுவதில் மட்டும் கவனம் வை என்ற பதில் தமக்குள் கேட்டதாகவும் அவர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கிறது. அற்புதம் நிகழும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. கையில் இருக்கும் வேலையைச் செய் என்றது. அன்று மாலை வீட்டுக்கு வந்து சேணப் பட்டையைக் கழற்றியதும், ரோசெல் தன் பொம்மையைக் கவ்விக்கொண்டு, அதே வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வழிகாட்டி நாயோடு இழுபறி விளையாட ஓடிவிட்டது. கடவுள் அனுப்பினாரா என்பதை உங்கள் நம்பிக்கைக்கே விட்டுவிடுகிறேன். கலிபோர்னியாவில் அதை வளர்த்து, மாதக்கணக்கில் பழக்கி அனுப்பியவர்களுக்கும் அந்தப் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம்.

கேள்வி: சாலையைக் கடக்கும்போது நாய் சிக்னல் விளக்கைப் பார்த்துத்தான் அழைத்துச் செல்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. விளக்கின் நிறத்தைப் படிக்க நாய்க்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நடைபாதையின் விளிம்பு வந்ததும் அது நின்றுவிடும். வண்டிகளின் ஓசை எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது ஓய்கிறது என்பதைக் காதால் கணித்து, ‘முன்னே போ’ என்று ஆணையிடுவது மனிதர். நாயின் தோளில் மாட்டிய பட்டையிலிருந்து எழுந்து நிற்கும் கெட்டியான கைப்பிடி வழியாக, அது ஒதுங்குவதும் தயங்குவதும் நிற்பதும் அவருடைய இடது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கயிறாக இருந்தால் அது தெரியாது. அதனால்தான் கைப்பிடி வளையாததாக இருக்கிறது.

ஆணை தவறாக இருந்தால்? ஓசையில்லாத மின்சாரக் கார் ஒன்று திரும்பி வருகிறது, மனிதர் ‘போ’ என்கிறார், நாய் போகாது. தேவைப்பட்டால் குறுக்கே நின்று அவரைத் தடுக்கும். இதைப் பயிற்சியாளர்கள் ‘அறிவார்ந்த கீழ்ப்படியாமை’ என்று குறிப்பிடுகிறார்கள். சொன்னதைச் செய்யும் நாயை உருவாக்குவது எளிது. எப்போது சொன்னதைச் செய்யக் கூடாது என்று அறிந்த நாயை உருவாக்குவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. நம் அலுவலகங்களில் சிலருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம்.

கேள்வி: இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது? முதலில் நம்பி நடந்தவர் யார்?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: முறையான பயிற்சி முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மானிய வீரர்களுக்காகத் தொடங்கியது, 1916இல் ஓல்டன்பர்க் நகரில் அதற்கென்று ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதை உலகம் அறியச் செய்தவர் சுவிட்சர்லாந்தில் மேய்ப்பு நாய்களை வளர்த்துவந்த டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஜெர்மனியில் தாம் கண்டதை அவர் 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் கட்டுரையாக எழுதினார்.

அந்தக் கட்டுரையை டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஒரு தந்தை தம் மகனுக்குப் படித்துக் காட்டினார். மகன் மோரிஸ் ஃபிராங்க். ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை அடித்து ஒரு கண்ணையும், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மறு கண்ணையும் இழந்தவர். எனக்குப் பயிற்சி கொடுங்கள், நான் நாயோடு திரும்பி வந்து இங்குள்ளவர்களுக்கு வழி காட்டுகிறேன் என்ற பொருளில் அவர் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். 1928இல் சுவிட்சர்லாந்துக்குக் கப்பலில் போனபோது, அவரை ஒரு பார்சலைப் போலவே நடத்தினார்கள். குறித்த நேரத்தில் நடக்கவைத்து, மற்ற நேரத்தில் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். திரும்பியபோது அவரோடு பட்டி என்ற பெண் நாய் இருந்தது. அதன் பழைய பெயர் கிஸ். ஊர் நடுவே ‘கிஸ்’ என்று ஓர் இளைஞன் கூவிக்கொண்டு போக முடியுமா என்று பெயரை அவரே மாற்றிவிட்டார்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியதும், நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கண் தெரிந்தவர்களே கடக்க அஞ்சும் வெஸ்ட் ஸ்ட்ரீட் என்ற சாலையைக் கடந்து காட்டச் சொன்னார்கள். பெரிய சரக்கு லாரிகளும் டாக்சிகளும் இரைந்துகொண்டு பாயும் அந்தச் சாலையில், சில நொடிகளிலேயே திசையுணர்வு முழுவதும் தப்பிவிட்டதாகவும், அதன் பிறகு தம்மை முற்றிலும் நாயிடம் ஒப்படைத்துவிட்டதாகவும் ஃபிராங்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பட்டி முன்னே போனது, நின்றது, பின்வாங்கியது, மறுபடி போனது, எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டது. அவர் யூஸ்டிஸுக்கு அனுப்பிய தந்தியில் ஒரே ஒரு சொல்: வெற்றி.

1929 ஜனவரியில் நாஷ்வில்லில் ஃபிராங்கும் யூஸ்டிஸும் தொடங்கிய வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிறுவனத்துக்கு ‘சீயிங் ஐ’ என்று பெயர்; காண்கிற கண் என்று பொருள். கேட்கிற காதையும் காண்கிற கண்ணையும் கர்த்தர் உண்டாக்கினார் என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் வருகிறதல்லவா, அங்கிருந்து எடுத்த பெயர்.

கேள்வி: நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள்தான். இப்படி உயிரோடு உயிராகப் பழகியது இறந்துபோனால் அவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? போன மாதம் எங்கள் வீட்டு நாய் இறந்ததிலிருந்து என் கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் கணவருக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், உடன் அமர்ந்து சாப்பிடுங்கள்.

வழிகாட்டி நாயின் கதையில் பிரிவு சாவுக்கு முன்பே, ஒன்றல்ல இரண்டு முறை வந்துவிடுகிறது. குட்டிக்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆனதும், சம்பளம் இல்லாமல் இதைச் செய்ய முன்வரும் ஒரு குடும்பம் அதை வாங்கி, ஓராண்டுக்கு மேல் வளர்த்து, பேருந்துக்கும் கடைவீதிக்கும் கூட்டிப் போய்ப் பழக்கி, பிறகு பயிற்சிப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடு வீடு திரும்புகிறது. அது முதல் பிரிவு. எட்டு முதல் பத்து வயதுக்குள் நாய்க்குக் கண்ணோ காலோ தளரும்போது வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கிறார்கள், அது இரண்டாவது. சிலர் ஓய்வுபெற்ற நாயைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். முடியாதபோது, குட்டியாக வளர்த்த குடும்பமே மறுபடி வாங்கிக்கொள்வதும் உண்டு. தம்மிடமே வைத்துக்கொள்பவர்களுக்கு வேறொரு சங்கடம்: காலையில் சேணப் பட்டையின் ஓசை கேட்டதும் கிழ நாய் வழக்கம்போல் வாசலுக்கு வந்து நிற்கும், பட்டையோ இளைய நாயின் மேல் ஏறும்.

இழப்பது ஒரு துணையை மட்டுமல்ல, ஒரு நடையையும்தான். ஒவ்வொரு நாய்க்கும் வேகம் வேறு, கைப்பிடியை இழுக்கும் அழுத்தம் வேறு. பழையதன் நடைக்குப் பழகிய கை, புதியதை ஒப்பிட்டுக் குறை சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நம்ப மாதங்கள் ஆகும். ரோசெல் 2011 ஜூன் மாதம் இறந்தது. அது ஹிங்சனுக்கு ஐந்தாவது வழிகாட்டி நாய். மோரிஸ் ஃபிராங்கின் பட்டி 1938 மே மாதம் இறந்தது. வழிகாட்டி நாய்கள் தம் எசமானரோடு விமானத்தில் பயணிகள் பகுதியிலேயே அமர ஒரு விமான நிறுவனம் அனுமதி கொடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிறகு தமக்கு வாய்த்த ஒவ்வொரு நாய்க்கும் ஃபிராங்க் பட்டி என்றே பெயர் வைத்தார். அது மறக்க முடியாமல் வைத்ததா, மறக்காமல் இருக்க வைத்ததா என்று நான் யோசித்ததுண்டு.

கேள்வி: தருமருடன் இமயம் வரை நடந்த நாயை விடவா இவை உயர்ந்தவை?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: அந்தக் கதையில் சோதிக்கப்பட்டது நாயின் விசுவாசம் அல்லவே. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரன் அழைத்தபோது, நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று மறுத்தவர் தருமர். நியூயார்க்கில் அதன் மறுபக்கம் நடந்தது. அதே வடக்குக் கோபுரத்தின் 71ஆவது மாடியில் ஓமர் ரிவேரா என்ற பார்வையற்ற ஊழியர், தம்மால் தப்ப முடியாது, நாயாவது பிழைக்கட்டும் என்று சால்ட்டி என்ற தம் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நெரிசலில் சற்றுத் தூரம் போன சால்ட்டி திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றது. சேர்ந்தே இறங்கினார்கள். பிரிட்டனில் விலங்குகளின் வீரத்துக்காக வழங்கப்படும் டிக்கின் பதக்கம் 2002 மார்ச்சில் ரோசெல், சால்ட்டி இரண்டுக்கும் கிடைத்தது. உயர்வு தாழ்வை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேருந்தில் ஒரு பார்வையற்ற அம்மையாரின் காலடியில் படுத்திருந்த நாயைத் தடவப் போனேன். மருமகன் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்பாகத் தடவினால் என்ன குற்றம்?
– வாசகர், மதுரை

பதில்: மருமகன் செய்தது சரி, அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டை மாட்டியிருக்கும்போது நாய் வேலையில் இருக்கிறது. நீங்கள் தடவினால் அதன் கவனம் உங்களிடம் வந்துவிடும். அந்த நேரத்தில் அம்மையார் இறங்க எழுந்தால் படியில் இடறுவார். தடவுவதும், தீனி கொடுப்பதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கூடாது. ஆசை தாங்கவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள். முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

இந்த விதியை ஹிங்சனே ஒருமுறை கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். அன்று அவர்கள் பாதிக்கு மேல் படி இறங்கிவிட்டிருந்தபோது, கனத்த கருவிகளைச் சுமந்துகொண்டு தீயணைப்பு வீரர்கள் எதிரே ஏறி வந்தார்கள். ஒருவர் நின்று, துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று ஹிங்சனிடம் கேட்டார். வேண்டாம் என்று இவர் சொன்னார். அந்த வீரர் குனிந்து ரோசெல்லைத் தடவிக்கொடுத்தார். பட்டை மாட்டிய நாயைத் தொடக் கூடாது என்று பாடம் நடத்தும் நேரமில்லை அது என்று ஹிங்சன் பேசாமல் இருந்தார். ரோசெல் அவர் கையை நக்கியது. அவர் மேலே ஏறிப் போனார்.