எஸ்ஜிஓடி 112: அப்பாவின் கல்லீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை உண்டு, குடிப்பழக்கம் இல்லை. கோவிட் நிமோனியாவுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தார். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். சேர்ந்த அன்று கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 74, எஸ்ஜிபிடி 52. டிஸ்சார்ஜ் அன்று 112, 88. பிலிருபின் 0.8, அல்புமின் 3.1. மஞ்சள் காமாலை என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். கொடுக்கலாமா?

பதில்: இது காமாலை இல்லை. கண்ணில் மஞ்சள் தெரிய, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 2.5, 3 வரை ஏற வேண்டும். அப்பாவுக்கு 0.8 தான்.

சரி, மற்ற இரண்டு எண்கள்? ‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்ற பெயரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் காட்டுவதில்லை. இவை செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும்கூட உண்டு. காய்ச்சலில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்திருந்தால், அந்தத் தசைகளிலிருந்தும் கொஞ்சம் கசிந்திருக்கலாம். தசை நொதியான சிபிகே பரிசோதனை எடுத்திருந்தால் அது தெரியும்.

கல்லீரலின் வேலைத்திறனைச் சொல்பவை பிலிருபின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர், கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமின். 3.1 என்ற அல்புமின் உங்களை உறுத்தலாம். ஆனால் கடும் தொற்றின்போது அல்புமின் உற்பத்தி குறையும், ரத்தக்குழாயிலிருந்து வெளியேயும் கசியும். ஐஎன்ஆர் இயல்பாக இருந்தால் அந்த 3.1-க்காக நான் கவலைப்பட மாட்டேன்.

கோவிட்டில் இந்த ஏற்றம் அபூர்வமும் அல்ல. 2020 தொடக்கத்தில் சீன மருத்துவமனைகளிலிருந்து வந்த அறிக்கைகளில், சேர்க்கப்பட்டவர்களில் 14 முதல் 53 சதவீதம் பேருக்கு இந்த நொதிகள் கூடியிருந்தன. பெரும்பாலும் எஸ்ஜிஓடிதான் முன்னால் நிற்கும், உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோலவே. கடுமையான அழற்சி, ஆக்சிஜன் குறைவு, மருந்துகள் என்று பல காரணங்கள் சேர்ந்துகொள்ளும். ரத்த அழுத்தம் படுத்துவிட்டால் கதையே வேறு. எண்கள் ஆயிரக்கணக்கில் போகும். அப்பாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

நான் பார்ப்பது தேதிகளைத்தான். ரெம்டெசிவிர் ஏறுவதற்கு முன்பே 74, 52 இருந்திருக்கிறது. அது நோயின் வேலையாக இருக்கலாம்; அல்லது அதற்கும் முந்தைய கொழுப்புக் கல்லீரலாக இருக்கலாம். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது அது இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. அதன்பிறகு ஏறியதில் ரெம்டெசிவிருக்குப் பங்கு இருக்கக்கூடும். எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைப்போல் 10 மடங்கைத் தாண்டினால்தான் அந்த மருந்தை நிறுத்த யோசிப்பார்கள். அப்பாவுக்கு இரண்டு மடங்கு சொச்சம்.

கீழாநெல்லி இப்போது வேண்டாம். மூலிகை மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. தானாக இறங்கக்கூடிய எண்ணுக்கு இன்னொரு பொருளைக் கொடுத்துவிட்டு, பிறகு ஏறினால் எதைக் குறை சொல்வது? 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் என்ற இன்னொரு மூலிகையின் கஷாயத்தைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தவரிடம் இந்தச் சோதனை வேண்டாம். கல்லீரல் டானிக்கும் தேவையில்லை. அதைவிட முக்கியம், பாராசிட்டமால் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது. சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருந்தால் ஒரு நாளில் 2 கிராமைத் தாண்ட வேண்டாம். சர்க்கரை மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எஸ்ஜிஓடி முதலில் இறங்கும், எஸ்ஜிபிடி மெதுவாகப் பின்னால் வரும். இறங்காமல் நின்றால் அல்ட்ராசவுண்டும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் தேவை. ஸ்டீராய்டு எடுத்தவர் என்பதால், பி பரிசோதனை இதுவரை செய்திருக்காவிட்டால் இப்போதே செய்துவிடுவது நல்லது. உள்ளே அடங்கியிருக்கும் பி வைரஸ் ஸ்டீராய்டால் கிளம்பலாம்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் நிறமானாலோ, ஓயாத வாந்தியோ குழப்பமான பேச்சோ வந்தாலோ நான்கு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது, நோய்க்கு முன்பு சர்க்கரைக்காக எடுத்த பழைய ரத்த ரிப்போர்ட் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஸ்ஜிபிடி 50-ஐ ஒட்டி இருந்தால், பழி கோவிட் மேல் மட்டும் இல்லை.