அப்பாவின் நாகசுரமும் 25 எம்பி வாசலும்

கேள்வி: என் அப்பா வாசித்த நாகசுரக் கச்சேரிகள் ஆறு கேசட்டுகளில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றி வாங்கினேன். மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போகவில்லை. துண்டாக வெட்டி 22 எம்பி அளவில் அனுப்பியதும் அவன் அலுவலக முகவரியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இணையச் சேமிப்பிடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினால்தான் முடியும் என்கிறார் கடைக்காரர். கட்டலாமா?
— ஒரு வாசகர், திருவிடைமருதூர்

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

முதலில் உங்கள் 22 எம்பி ஏன் திரும்பியது என்று சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் எழுத்துகளுக்காகப் பிறந்தது. பாட்டோ படமோ எதை இணைத்தாலும் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. மூன்று மூட்டை நெல்லை நான்கு சாக்கில் கட்டுவது போல, அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உங்கள் 22 எம்பி வழியில் 29 எம்பிக்கு மேல் ஆகியிருக்கும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அலுவலக முகவரிகளில் அந்தந்த நிறுவனம் வைத்ததுதான் வரம்பு, பல இடங்களில் இதைவிடக் குறைவு.

துண்டு போடுவதை விட்டுவிடுங்கள். ராக ஆலாபனையின் நடுவில் கத்தி வைப்பதை நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்கவில்லை. எம்பி3 ஆகச் சுருக்கவும் வேண்டாம். அதிகம் சுருக்கினால் தாளத்தின் கணீர் ஒலி மங்கும். அப்படியும் ஒரு மணி நேரக் கச்சேரி 25 எம்பிக்குள் நல்லபடியாக அடங்காது.

கோப்புகளை முழுதாகவே கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தில் வைத்துத் தம்பியோடு பகிருங்கள். இடம் போதுமா என்று கணக்கைப் பாருங்கள். சிடி தரத்து வேவ் கோப்பு, அதாவது சுருக்காத ஒலிக்கோப்பு, நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி பிடிக்கும். ஒரு கேசட்டுக்கு 635 எம்பி, ஆறுக்கும் சேர்த்து 3.8 ஜிபி. கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜிபி இலவசம். ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் அது பொது. ஜிமெயில் செயலியில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். நான்கு ஜிபி காலியாக இருந்தால் போதும். இல்லையென்றால் பழைய வீடியோக்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு நீக்குங்கள். அப்படியும் போதாவிட்டால் மட்டும் சந்தாவை யோசிக்கலாம்.

கோப்புகளை டிரைவில் ஏற்றி, 'பகிர்' என்பதில் தம்பியின் சொந்த ஜிமெயில் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். இதை மறந்தால் அவருக்கு இணைப்பு (லிங்க்) போகும், கதவு திறக்காது. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்றும் வைக்கலாம். ஆனால் அது கைமாறிப் போனால் யார் யாரோ இறக்கிக்கொள்வார்கள். குடும்பச் சொத்துக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

போனின் டேட்டாவில் ஏற்றுவதாக இருந்தால், ஏற்றுவதும் கணக்கில் கழியும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் என்றால் தினம் இரண்டு கோப்பு, மூன்று நாளில் முடியும்.

வாட்ஸ்அப்பிலும் வழி உண்டு. 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரு கோப்பு 2 ஜிபி வரை சுருங்காமல் போகும்.

கேசட்டுகள் இன்னும் கடையில் இருந்தால் இன்றே வாங்கி வந்துவிடுங்கள். கோப்புகளுக்கு ஒரு பென் டிரைவில் நகல் வேண்டும். ஆறையும் இறக்கி முழுதாகக் கேட்டுவிட்டேன் என்று தம்பி சொல்லும்வரை டிரைவில் இருப்பதை நீக்காதீர்கள். நீங்கள் நீக்கினால் அவரிடம் உள்ள இணைப்பும் செத்துவிடும்.