கொசு குடித்த ரத்தம் எங்கே போகிறது?

மழை தொடங்கியதிலிருந்து, பூச்சிக்கடியால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் என்னும் கல்லீரல் அழற்சியும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுமா என்று நம் உறுப்பினர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ரத்த வங்கியில் நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில் அவற்றுள் சிலவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: கல்யாணத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிய உறவினர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பிறகு தெரியவந்தது. அன்றிரவு அவரோடு முகப்பில் படுத்திருந்த எல்லோரையும் கொசு பிடுங்கிவிட்டது. நாங்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

கொசுக்கடிக்காக வேண்டியதில்லை, ஆச்சி. கொசுவின் உறிஞ்சுகுழல் ஒற்றைக் குழாய் அன்று; உமிழ்நீர் உள்ளே இறங்குவதற்கு ஒரு வழியும் ரத்தம் மேலே ஏறுவதற்கு வேறொரு வழியும் அதில் தனித்தனியே உள்ளன. ஆகவே முதலில் ஒருவரிடம் குடித்த ரத்தத்தை அடுத்தவர் உடம்பில் அது செலுத்துவதில்லை. அவருக்குள் போவது கொசுவின் எச்சில் மட்டுமே. உறவினரின் நோய் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது என்பதால், இச்செய்தி உங்கள் வளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விசேஷத்துக்கும் அவரை அழையுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்: டெங்கு வைரஸும் ரத்தத்தில்தானே இருக்கிறது? அதைப் பரப்பும் கொசு இதை மட்டும் ஏன் பரப்பாது?

கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். டெங்குவைப் பொறுத்தவரை கொசு ஓர் ஊசி அன்று, நாற்றங்கால். நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போன வைரஸ், ஏடிஸ் கொசுவின் குடல் சுவர் உயிரணுக்களில் நுழைந்து பெருகி, உடலெங்கும் பரவி, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைந்த பிறகே அந்தக் கொசு நோயைக் கொடுக்கத் தக்கதாகிறது. எச்.ஐ.வி.க்கு இந்தப் பயணம் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. அது நுழைவதற்குச் சிடி4 என்னும் புரதத்தைத் தாங்கிய மனித உயிரணு வேண்டும். கொசுவின் குடலில் அத்தகைய உயிரணு கிடையாது. நுழைய இடமின்றித் தங்கும் வைரஸ், ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது.

புதுவயலிலிருந்து ஓர் இளைஞர்: பாதி குடித்த கொசுவை விரட்டினால் அது உடனே பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கிறதே. வாயில் ஒட்டிய ரத்தம் போதாதா?

இப்படிப் பரவும் நோய்கள் இருக்கின்றன என்பதால் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை வைரஸ், எச்.ஐ.வி.க்குத் தூரத்துப் பங்காளி. குதிரை ஈக்கள் அதனை வாயில் ஒட்டிய ரத்தத்தின் வழியாகவே குதிரைக்குக் குதிரை கொண்டுசெல்கின்றன. 2022இல் வடமாநிலங்களில் மாடுகளை வாட்டிய தோல் கழலை நோயையும் கடிக்கும் ஈக்கள் இவ்வாறே பரப்புகின்றன. மஞ்சுவிரட்டுக்காகக் காளை வளர்ப்பவர்கள் அதை அறிவார்கள்.

ஆயினும் குதிரை ஈயின் வாய் தோலைக் கிழித்துத் தேங்கிய ரத்தத்தை நக்கும் பெரிய கருவி. கொசுவினுடையது மிக நுண்ணியது, அதில் ஒட்டுவதும் மிகச் சொற்பம். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட மருத்துவ ஊசி செவிலியர் ஒருவரைக் குத்திவிட்டால்கூடத் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். அதனுடன் ஒப்பிட்டால் கொசுவாயில் ஒட்டியது கணக்கிலேயே வராது.

இதற்கு ஊர்ச்சாட்சியும் உண்டு. 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெல் கிளேட் என்னும் சிற்றூரில் எய்ட்ஸ் மிகுதியாகக் காணப்பட்டபோது, கொசுவே காரணம் என்ற பேச்சு எழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது நோய் பாலுறவு, போதை ஊசி ஆகியவற்றின் வழியையே பின்பற்றியிருந்தது. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை; அது பரப்பியிருந்தால் சிறுவரும் முதியவரும் தப்பியிருக்க முடியாது.

பள்ளத்தூரிலிருந்து ஒருவர்: மகன் விடுதியிலிருந்து வந்த பெட்டியில் மூட்டைப்பூச்சி. ஹெபடைட்டிஸ் பி வருமா?

அந்த வைரஸின் தடயங்கள் மூட்டைப்பூச்சியின் உடலில் பல நாட்கள் கிடப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன; ஐயம் அதனால் வந்தது. ஆனால் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வீடுகளுக்கு மருந்தடித்து மூட்டைப்பூச்சியைக் குறைத்துப் பார்த்தபோது, குழந்தைகளின் தொற்று குறையவில்லை. பெட்டியைத் துணிகளோடு வெயிலில் போடுங்கள். அரிப்பு தவிர வேறு பயம் வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: அடித்த கொசுவின் ரத்தம் கையில் பட்டால்?

கழுவினால் போதும்.

பேரனுக்குக் குன்றக்குடியில் முடியிறக்க இருக்கும் ஓர் ஐயா: நாங்கள் எதைத்தான் கவனிக்க வேண்டும்?

சவரக்கத்தியை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தக் கறையிலும் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். ஒரே பிளேடு இரண்டு தலைகளில் ஓடினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். உங்கள் கண்முன்னே உறை பிரித்த புது பிளேடைக் கேளுங்கள். காதுகுத்தும் ஊசிக்கும் இதே விதிதான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தவணையும், பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் தவணைகளும் அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகின்றன. பேரனின் அட்டையில் அவை பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள்.

மலேசியாவிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது. அங்கே கொசுவால் ஆபத்தே இல்லையா?

எச்.ஐ.வி.யால் இல்லை, டெங்குவால் உண்டு. முற்றத்தில் மழைநீர் பிடித்த அண்டாக்களை அப்படியே விட்டுப் போயிருந்தால் ஏடிஸ் அதில்தான் முட்டையிடும். நீர் வற்றினாலும் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி, அவற்றின் உட்புறத்தை நார் போட்டுத் தேய்க்கச் செய்து, கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.