பட்டாணிக்கு விருந்து வைக்காதீர்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பச்சைப் பட்டாணி. மலைப்பக்கத்தில் அடுத்த விதைப்பு நெருங்குகிறது, அதனால் இருக்கலாம். சரி, வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

அக்கா, கோத்தகிரியில் வீட்டை ஒட்டி ஒரு சென்ட் இடம் இருக்கிறது, முன்னே தேயிலை இருந்த மண். அக்டோபரில் பட்டாணி போட்டேன். நிறைய எரு கொட்டி, முளைத்த பிறகு இரண்டு தடவை யூரியாவும் வைத்தேன். கொடி கரும்பச்சையாகத் தோள் உயரம் வந்தது. பூவைத்தான் விரல்விட்டு எண்ணலாம். ஏன்?

விருந்து வைத்தே கெடுத்துவிட்டீர்கள் தாயே. தழைச்சத்து அதிகமானால் பட்டாணி இலையும் கொடியுமாகவே போய்க்கொண்டிருக்கும், பூக்கிற நினைப்பே வராது. அதற்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்க வேரிலேயே ஆள் இருக்கிறது, ரைசோபியம் என்கிற நுண்ணுயிர். நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த முறை பூக்கிற சமயத்தில் ஒரே ஒரு செடியை, பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் நெடுக கடுகு மாதிரி குட்டிக் குட்டி முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்படியென்றால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் நீங்கள் வைத்த யூரியா அதற்கு ஒரு காரணம், மண்ணின் புளிப்பு இன்னொரு காரணம்.

தேயிலைக்குப் பிடித்த மண் பட்டாணிக்குப் பிடிக்காது. தேயிலை கார அமில நிலை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5, 5 என்று இருந்தாலே சந்தோஷமாக வளரும், பட்டாணிக்கு 6க்கு மேல் வேண்டும். விதைக்கிறதுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாடி புளிப்பைக் குறைக்கும் டோலமைட் என்கிற சுண்ணாம்புக் கல் தூளைச் சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கொத்திவிடுங்கள், தேயிலைக்கு உரம் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். மக்கிய எரு கொஞ்சம் போதும். ரைசோபியம் பொட்டலம் கிடைத்தால் ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். யூரியா மூட்டையைப் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸுக்குக் கொடுத்துவிடலாம்.

ஊட்டியில் இருக்கிறேன். மளிகைக் கடைக் காய்ந்த பட்டாணியை இரண்டு நாள் ஊறவைத்துப் போட்டேன், பாதி அழுகிவிட்டது. மீதி பூத்த நேரத்தில் உறைபனி விழுந்து கருகிப் போனது. எப்போதுதான் போடுவது?

இரண்டு நாள் ஊறினால் விதை மூச்சு முட்டித்தான் சாகும். ஒரு ராத்திரி போதும், மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஊறவே வைக்காதீர்கள். ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழம், விதைக்கு விதை 10 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 45. மளிகைக் கடைப் பட்டாணி முளைக்கும்தான், ஆனால் சுண்டலுக்காக விளைவித்த ரகம், பச்சையாக உரித்துத் தின்ன அதில் இனிப்பு இருக்காது. விதைக் கடையில் ஊட்டி 1, போனவில், ஆர்கெல் என்று கேட்டு வாங்குங்கள். சாயமோ மருந்தோ பூசின விதையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பனி விஷயத்தில் உங்கள் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்பதுதான் கேள்வி. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதனால்தான் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெளுத்திருக்கும்போது மேட்டு வீடுகளில் ஒன்றும் இருக்காது. இளஞ்செடி லேசான பனியைத் தாங்கிவிடும், பூவும் பிஞ்சும் தாங்காது. பள்ளம் என்றால் பிப்ரவரி கடைசியில், மார்ச்சில் போடுங்கள், மழை வலுக்கும் முன் பறித்துவிடலாம்.

குன்னூர். காய் நன்றாகப் புடைத்திருக்கிறது, உரித்துச் சமைத்தால் மாவு மாவாக இருக்கிறது. ரகம் சரியில்லையா?

ரகத்தின் மேல் பழி போடாதீர்கள், நீங்கள் லேட். காய் புடைத்து, தோல் இன்னும் வழவழப்பாகப் பச்சை மினுக்கோடு இருக்கும்போதே பறிக்க வேண்டும். தோலில் வலைவலையாக நரம்பு தெரிந்து நிறம் மங்கிவிட்டால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறியாகிவிட்டது, அதைக் குருமாவில் ஒளித்துவைக்க வேண்டியதுதான். பறித்த பிறகும் இந்த மாற்றம் நிற்காது, அதனால் காலையில் பறித்து மத்தியானமே சமையுங்கள், முடியாவிட்டால் உடனே ஃபிரிட்ஜில். காய்க்க ஆரம்பித்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொடியைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அடியில் நாலு காய் முற்றவிட்டால் செடி விதை வந்தாயிற்று என்று மேலே பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கும்போது ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெடுக்கென்று இழுத்தால் கொடியே கையோடு வந்துவிடும்.

படர்வதற்குக் கம்பி வலையெல்லாம் வாங்க வேண்டாம். கவாத்து முடிந்த தேயிலைக் காட்டில் மிலாறு கிடைக்கும், அந்தக் குச்சிகளைச் செடி ஒரு சாண் வளர்வதற்குள் ஊன்றிவிடுங்கள்.

சென்னை மாடியில் வருமா?

வராது தம்பி. 30 டிகிரியை ஒட்டினாலே பூ கொட்டிவிடும். ட்ரேயில் போட்டு, இரண்டு வாரத்தில் தளிரை வெட்டிப் பொரியலில் சேருங்கள்.

கொடைக்கானல். கடைசிப் பறிப்பு நேரத்தில் இலை முழுக்க மாவு தூவின மாதிரி ஆகிறது. அந்தச் செடியில் விதை எடுக்கலாமா?

அது சாம்பல் நோய். பகல் வறட்சியும் ராத்திரிக் குளிரும் சேர்ந்தால் வரும். ஆரம்பத்திலேயே தண்ணீரில் கரையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் ஏறும் முன் தெளிக்கலாம். பறிப்பு முடிகிற கட்டம் என்றால் மெனக்கெடாதீர்கள். விதைக்கு மட்டும் நோய் படாத நல்ல செடி இரண்டு மூன்றை முன்கூட்டியே துணி கட்டி அடையாளம் வைத்து, காய் செடியிலேயே காய்ந்து கலகலக்கும் வரை விடுங்கள். பட்டாணிப் பூ மலர்வதற்கு முன்னாலேயே தனக்குள் மகரந்தம் சேர்ந்துவிடும், பக்கத்து ரகத்தோடு கலப்பது அபூர்வம். அந்தக் காலத்தில் மெண்டல் பாதிரியார் மடத்துத் தோட்டத்தில் பரம்பரைக் குணங்கள் பற்றிய ஆராய்ச்சிக்குப் பட்டாணியை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்த விதையை நான் ஒருமுறை துணிப்பையில் கட்டி அடுக்களை ஆணியில் மாட்டினேன், எலி ஒன்றுவிடாமல் முடித்துவிட்டது. இப்போதெல்லாம் மூடி இறுகின பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்தான்.