பெட்டி ஏன் வெளுத்தது?

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டிக்கு அரக்குப் பாலிஷ் போட நினைத்தேன். ஸ்பிரிட் கிடைக்கவில்லை. ஐ.பி.ஏ.வும் ஆல்கஹால்தானே என்று மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி அரக்கை ஊறவைத்தேன். இரண்டு நாளாகியும் பாதிதான் கரைந்தது. பூசிய இடமெல்லாம் வெளுத்துவிட்டது. இரண்டும் ஒன்றில்லையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பங்காளிகள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. ஸ்பிரிட் என்பது எத்தனால். நம் பக்கம் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடிப்பது. ஐ.பி.ஏ., அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பெட்ரோலிய வழியில் வருவது. அதில் இரண்டு கார்பன், இதில் மூன்று. கொதிநிலைகூட 78, 82 டிகிரி என்று பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் அரக்கு எத்தனாலில்தான் நன்றாகக் கரையும்.

என் அப்பா நாற்காலி, பீரோவுக்குப் பாலிஷ் போட்டே எங்களைப் படிக்கவைத்தவர். ராத்திரி அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் போட்டுவைப்பார். காலையில் ஒரு குலுக்குக் குலுக்கினால் தேன் நிறத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேலை எடுக்கமாட்டார். ஈரக்காற்றில் பாலிஷ் 'பூத்துவிடும்', அதாவது வெளுத்துவிடும் என்பார்.

உங்கள் பெட்டியும் பூத்துத்தான் போயிருக்கிறது. பாட்டில் லேபிளைப் பாருங்கள், 70% என்று இருக்கும். மீதி தண்ணீர். கிருமியைக் கொல்ல அந்தத் தண்ணீர் வேண்டும். அரக்குக்கு அது எமன். 99% ஐ.பி.ஏ. என்றால் மெதுவாகவாவது கரைந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு ஸ்பூன் உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். 70% ஐ.பி.ஏ. என்றால் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ள, ஆல்கஹால் தனியாக மேலே மிதக்கும். நடுவே கோடு தெரியும். தண்ணீர் கலந்த எத்தனால் இப்படிப் பிரியாது. கல்லூரி ஆய்வகத்தில் வருஷா வருஷம் இதைச் செய்து காட்டியிருக்கிறேன், ஒரு வருஷமும் அலுத்ததில்லை.

ஸ்பிரிட் கிடைக்காததற்குக் காரணம் சட்டம். 1959-இல் வந்த தமிழ்நாட்டு விதிகளின் தலைப்பிலேயே மெத்தில் ஆல்கஹாலோடு (மெத்தனால் என்கிற விஷம்) 'பிரெஞ்சு பாலிஷ்' என்ற பெயரும் உண்டு. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்த இதே வார்னிஷ்தான் அது. வார்னிஷைக் குடித்துச் செத்தவர்கள் இருந்த ஊர் இது. உரிமம் உள்ள கடையில் கேளுங்கள். அந்த ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு விளக்கு இல்லாமல் வேலை செய்யுங்கள்.

வெளுத்த இடத்தைச் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில், பஞ்சைத் துணியில் சுற்றி ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மிச்ச ஐ.பி.ஏ.வில் டிவி ரிமோட்டின் உள்பக்கத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பேட்டரி போடுங்கள். அந்த ஈரக்கையோடு மட்டும் பெட்டியைத் தொட்டுவிடாதீர்கள், ரேகை பதிந்துவிடும்.